ஒட்டு மாங்கன்றும் ஒட்டாத இணைப்பும்: ஒரு நர்சரியின் ஆர்டர் வேலை

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. போச்சம்பள்ளிச் சந்தை நாள் என்பதால் நர்சரியில் ஆள் குறைவு. மதியம் மூன்று மணிக்கு நர்சரி நடத்தும் அண்ணன் போன் செய்தார்.

"தம்பி, இமாம்பசந்த் நம்மகிட்ட 120 கன்னுதான் இருக்குது. ஊத்தங்கரைக்காரருக்கு 100, பாலக்கோட்டுக்காரருக்கு 80, ரெண்டு பேருக்குமே 'ஆர்டர் உறுதி'ன்னு மெசேஜ் போயிருக்குது. ரெண்டு பேரும் முன்பணமும் கட்டிட்டாங்க. இப்ப நான் யாருக்கு இல்லைன்னு சொல்றது?"

மெசேஜை அனுப்பியது நான் மாட்டிக் கொடுத்த ஆட்டோமேஷன். அன்று சாயந்திரம் உட்கார்ந்து ஒவ்வொரு படியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான், மூன்று மாதமாக நான் "இணைப்பு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல விஷயங்கள் என்று புரிந்தது. அந்த நர்சரிக்கு என்ன மாட்டினோம், எது அறுந்தது, எதை மாற்றினோம், எதை வேண்டாமென்று விட்டோம் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

நர்சரியும் அதன் வேலையும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்காய் விளையும் ஊர்கள் பல உண்டு. மாங்கன்றுக்கு என்று பேர் போனது சந்தூர். அந்தப் பக்கம் ரோட்டின் இரண்டு ஓரத்திலும் நர்சரிகள் இருக்கும். மாவட்டத்தில் அதிகம் நடுவது கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா. செந்தூரா, அல்போன்சா, பங்கனப்பள்ளி, மல்கோவா, நீலம், இமாம்பசந்த் எல்லாம் ஆளுக்கும் மண்ணுக்கும் தகுந்தபடி கேட்பார்கள். 10 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 40 கன்று. 5 மீட்டரில் அடர்நடவு என்றால் 160. அதனால் ஆர்டர்கள் பெரும்பாலும் 40, 80, 160 என்று வரும், ஒன்றிரண்டு கன்றுக்கு யாரும் போன் செய்வதில்லை. மழையை நம்பி நடுகிறவர்கள் என்பதால் ஆடிக்குப் பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் கேட்பார்கள்.

ஆர்டர் எடுப்பது அண்ணனின் மருமகள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முன்பு நீள நோட்டு ஒன்றில் எழுதிக்கொண்டிருந்தார். அப்புறம் கூகுள் ஃபார்ம் வந்தது. ஃபார்ம் நிரப்பினால் ஷீட்டில் ஒரு வரி விழும். அதைப் பார்த்து அக்கா இருப்பைக் கழிப்பார், வாட்ஸ்அப்பில் பதில் போடுவார், பணம் கட்டும் லிங்க் அனுப்புவார், பணம் வந்ததும் ரசீது, ராத்திரி டேலி கணக்கு மென்பொருளில் பதிவு. சீசனில் இது பதினோரு மணி வரை நீளும். "இதை எல்லாம் தானா நடக்கற மாதிரி பண்ண முடியுமா தம்பி?" என்று அக்கா கேட்டபோது முடியும் என்று உடனே சொல்லிவிட்டேன். அது தப்பில்லை. எப்படி முடியும் என்று கேட்டுக்கொள்ளாமல் சொன்னதுதான் தப்பு.

பட்டியலில் பேர் இருந்தது

நிரல் (கோடு) எழுதாமல் செயலிகளை ஒன்றோடொன்று மாட்டித் தருகிற தளங்கள் இன்று நிறைய. 2011-இல் தொடங்கிய ஸேபியர், முன்பு இன்டக்ரோமேட் என்றிருந்து 2022-இல் பேர் மாறிய மேக், நம் கணினியிலேயே ஏற்றிக்கொள்ளக்கூடிய என்8என், போபால்காரர்களின் பாப்லி கனெக்ட். எல்லாவற்றிலும் முதல் பக்கத்தில் ஆப் பட்டியல் ஒன்று இருக்கும். ஸேபியரின் பட்டியல் எட்டாயிரத்தைத் தாண்டியது. கூகுள் ஷீட்ஸ் இருக்கிறதா, இருக்கிறது. வாட்ஸ்அப், இருக்கிறது. பேமெண்ட் கேட்வே (இணையத்தில் பணம் வாங்கித் தரும் சேவை), இருக்கிறது. நானும் பேரைப் பார்த்து டிக் போட்டுக்கொண்டே போனேன்.

பட்டியலில் பேர் இருப்பதற்கும் நமக்கு வேண்டிய வேலை நடப்பதற்கும் நடுவில் குறைந்தது மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்த இணைப்பைக் கட்டியது யார்? தளத்துக்காரரா, அந்தச் செயலியின் கம்பெனியா, மூன்றாவது ஆளா? ஸேபியரில் பெரும்பாலான இணைப்புகளை அந்தந்தச் செயலியின் கம்பெனிகளே கட்டிப் பராமரிக்கின்றன. என்8என்னில் பயனர்கள் கட்டிப் போட்டவையும் கிடைக்கும். பழுது வந்தால் யாரிடம் போய் நிற்பது என்பது இதைப் பொறுத்தது. இரண்டாவது, அந்தப் பேருக்குள் என்னென்ன ட்ரிகர் (வேலையைத் தொடங்கி வைக்கும் நிகழ்வு), என்னென்ன ஆக்‌ஷன்? ஒரு செயலியில் புதிய வாடிக்கையாளரைச் சேர்க்க முடியும், தேடிப் பார்க்க முடியாது என்பதெல்லாம் சகஜம். மூன்றாவதுதான் என்னைக் கவிழ்த்தது: விஷயம் நடந்ததும் செயலி வந்து சொல்லுமா, நாம் போய்ப் பார்த்தால்தான் தெரியுமா?

அண்ணனிடம் இதை விளக்கப் போனபோது அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். "ஒட்டுன்னு சொன்னா பத்தாது தம்பி. நெருங்கு ஒட்டா, குச்சி ஒட்டான்னு கேக்கணும்." நெருங்கு ஒட்டில் தாய்மரத்துக் கிளை மரத்தில் இருந்தபடியே வேர்ச்செடியோடு சேரும், சேர்ந்த பிறகுதான் வெட்டுவார்கள். குச்சி ஒட்டில் முதலிலேயே வெட்டிக் கொண்டுவந்து செருகுவார்கள். விற்கும்போது இரண்டும் ஒட்டுக்கன்றுதான். எந்தெந்த நாளில் எதைக் கவனிக்க வேண்டும் என்பது மட்டும் வேறு.

எட்டிப்பார்ப்பதும் தட்டிச் சொல்வதும்

நான் எடுத்தது ஷீட்டில் புது வரி விழுந்தால் தொடங்குகிற ட்ரிகர். எங்கள் தளத்தில் அது எட்டிப்பார்க்கும் வகை. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை ஷீட்டைத் திறந்து, போன தடவை பார்த்த வரிக்குக் கீழே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும். இலவசத் திட்டத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை. கன்று ஆர்டருக்கு 15 நிமிடம் ஒரு பெரிய விஷயமா என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு காலை 10.02-க்கு ஊத்தங்கரை ஆர்டர், 10.09-க்குப் பாலக்கோடு ஆர்டர். தளம் 10.15-க்கு எட்டிப்பார்த்தது. இரண்டு வரியையும் ஒரே வாரலில் எடுத்தது, இரண்டையும் ஒரே சமயத்தில் ஓட்டியது. இரண்டு ஓட்டமும் இருப்பு ஷீட்டைத் தேடின. ஒன்று கழித்து எழுதுவதற்குள் மற்றது படித்துவிட்டது. இரண்டுக்கும் 120 என்றே விடை. 100 கேட்டவருக்கும் இருக்கிறது, 80 கேட்டவருக்கும் இருக்கிறது. கடைசியில் ஷீட்டில் நின்றது 40. அதாவது 120-இல் 80 போக மீதி. 100 கழிந்ததாக எழுதப்பட்டதன் மேலேயே இரண்டாவது ஓட்டம் எழுதிவிட்டது. கன்றுகள் இருக்கும் பாத்திக்குப் போய் எண்ணியிருக்காவிட்டால் மூன்றாவதாக ஒருவருக்கும் 40 விற்றிருப்போம்.

நேரத்தைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று முதலில் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு 96, மாதத்துக்கு 2,880 தடவை. மேக் போன்ற தளத்தில் வெறுங்கையோடு திரும்பினாலும் எட்டிப்பார்த்ததற்கு ஒரு கணக்கு விழும். ஸேபியரில் எட்டிப்பார்ப்பதற்குக் கணக்கில்லை, நடந்து முடிந்த ஆக்‌ஷனுக்குத்தான். ஆகவே ஒரே வேலைக்கு இரண்டு தளத்திலும் செலவு வேறு வேறு. விலைப் பக்கத்தை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெரியாது. எதை எண்ணுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். எப்படியோ, ஐந்து நிமிடமாகக் குறைத்தாலும் பிரச்சினை சிறிதாகுமே தவிர போகாது.

இன்னொரு வகைதான் வெப்ஹூக். தளம் நமக்கென்று ஒரு முகவரி தரும். விஷயம் நடந்த உடனே செயலி அந்த முகவரிக்குத் தகவலைத் தள்ளிவிடும். கூகுள் ஃபார்மில் இதற்கு நேரான வசதி இல்லை. கூகுளிலேயே நிரல் எழுத இடம் தரும் ஆப்ஸ் ஸ்கிரிப்டில், ஃபார்ம் வந்ததும் ஓடுகிற மாதிரி இருபது வரி எழுத வேண்டியிருந்தது. நோ-கோட் என்று சொல்லிக் கடைசியில் கோடு எழுதினேன், மறைக்கவில்லை. அந்த இருபது வரியில் முக்கியமானது பூட்டு. ஒரு ஆர்டர் இருப்பைப் படித்துக் கழித்து எழுதி முடிக்கும் வரை அடுத்தது வாசலில் நிற்கும். ஆப்ஸ் ஸ்கிரிப்டில் இதற்கென்றே லாக் சர்வீஸ் இருக்கிறது. கழித்த பிறகு "உண்டு" அல்லது "இல்லை" என்ற முடிவை மட்டும் வெப்ஹூக்கில் தளத்துக்கு அனுப்புகிறோம். இருப்பைத் தீர்மானிக்கிற வேலையைத் தளத்திடமிருந்து பிடுங்கியதுதான் உண்மையான திருத்தம், வேகம் அதற்குக் கிடைத்த கொசுறு.

எட்டிப்பார்க்கும் ட்ரிகரில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. அக்கா வசதிக்காக ஷீட்டை ஊர்வாரியாக வரிசைப்படுத்துவார். தளமோ "நான் 214-ஆவது வரி வரை பார்த்துவிட்டேன்" என்றுதான் நினைவு வைத்திருக்கும். வரிசை மாறியதும் புது ஆர்டர் மேலே போய்விடும், பழைய ஆர்டர் கீழே வந்து புதுசாகத் தெரியும். ஜூலையில் ஏற்கெனவே கன்று வாங்கிப் போன இருவருக்கு மறுபடி "ஆர்டர் உறுதி" போனதன் காரணம் இதுதான். அப்போது நாங்கள் ஏதோ நெட் கோளாறு என்று விட்டுவிட்டோம். இப்போது ஃபார்ம் விழுகிற ஷீட்டை யாரும் தொடுவதில்லை. அக்கா பார்ப்பதற்குத் தனி ஷீட்.

ஒரே பேர், வேறு வேறு வாட்ஸ்அப்

தளத்தின் தேடலில் வாட்ஸ்அப் என்று போட்டால் நீளமாக வரும். மெட்டாவின் அதிகாரபூர்வ கிளவுட் ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழி) ஒன்று. மெட்டாவின் அங்கீகாரம் பெற்ற இடைநிலை நிறுவனங்கள் தங்கள் பேரில் போட்டிருக்கும் இணைப்புகள் சில. மூன்றாவது வகை, வாட்ஸ்அப் வெப் போல கியூஆர் ஸ்கேன் செய்து, நம் போனில் நாம் டைப் செய்வது மாதிரி நடிக்கிறவை. மாதக் கட்டணம் மலிவு, அனுமதி எதுவும் வேண்டாம், ஐந்து நிமிடத்தில் வேலை செய்யும். அது வாட்ஸ்அப்பின் விதிகளுக்குப் புறம்பானது.

எனக்கு அந்த மலிவு பிடித்திருந்தது. அக்காதான் ஒத்துக்கொள்ளவில்லை. "பன்னெண்டு வருஷமா இந்த நம்பர்தான் விவசாயிங்ககிட்ட இருக்குது. இதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?" என்றார். சரி என்று ஒரு புது சிம்மில் பார்த்தோம். மூன்றாம் நாள் அந்த எண் முடங்கியது. விதியை மீறியது நாங்கள், யாரையும் குறை சொல்ல இடமில்லை. பழைய எண்ணில் போட்டிருந்தால் அந்தச் சீசன் முழுக்கப் போயிருக்கும்.

அதிகாரபூர்வ வழியில் போனால் வேறு ஒழுங்கு. வாடிக்கையாளர் கடைசியாக நமக்கு எழுதியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் என்ன வேண்டுமானாலும் பதில் எழுதலாம். அதற்கு மேல் நாமாகத் தொடங்குவதென்றால், முன்கூட்டியே மெட்டாவிடம் ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட்டில்தான் அனுப்ப முடியும். விளம்பரம், சேவைத் தகவல், ஓடிபி என்று அதற்கு வகைகள். எங்கள் "ஆர்டர் உறுதி" டெம்ப்ளேட்டின் கடைசியில் "மல்கோவா கன்றுகளும் வந்துள்ளன" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அது விளம்பர வகையில் விழுந்தது. விளம்பர மெசேஜுக்குக் கட்டணம் அதிகம். வரியை எடுத்துவிட்டுச் சேவைத் தகவலாக மறுபடி அனுப்பினோம்.

தளத்தைப் பொறுத்தவரை மூன்றுமே "மெசேஜ் அனுப்பு" என்ற ஒரே கட்டம்தான். எண்ணின் உயிர், மெசேஜின் விலை, யாருக்கு எப்போது அனுப்பலாம் என்பதெல்லாம் அந்தக் கட்டத்துக்கு வெளியே இருக்கிற சங்கதிகள்.

2,000 எப்படி 2 லட்சமானது

பணம் கட்டும் இணைப்பு தொடக்கத்திலிருந்தே வெப்ஹூக்தான். அது நன்றாக ஓடும் என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். முதல் வாரம் காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு பெரியவர் போன். "தம்பி, நான் ரெண்டாயிரம்தான் போட்டேன். ரெண்டு லட்சம் வந்துச்சுன்னு மெசேஜ் வருது. மீதி யாரு போட்டது?"

பேமெண்ட் கேட்வேக்கள் தொகையைப் பைசாவில் அனுப்புவது வழக்கம். 2,000 ரூபாய் 200000 என்று வரும். பின்னமே வராமல் கணக்குப் பிசகாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஆயத்தமாகக் கட்டி வைத்த இணைப்பு என்றால் அதைக் கட்டியவர்கள் பெரும்பாலும் இதை ரூபாயாக மாற்றித் தந்திருப்பார்கள். நான் பொது வெப்ஹூக்கில் நேராக வாங்கியதால், வந்ததை வந்தபடி மெசேஜில் போட்டுவிட்டேன். நடுவில் 100-ஆல் வகுக்கிற ஒரு படி சேர்த்ததும் சரியாயிற்று. பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டபோது, "பரவால்ல, ரசீது இருக்குது, அப்புறமா வந்து வாங்கிக்கிறேன்" என்று சிரித்தார்.

இதே இடத்தில் ரசீது இரண்டு முறை போன சம்பவமும் உண்டு. வெப்ஹூக் அனுப்புகிறவருக்கு "வாங்கிக்கொண்டேன்" என்ற பதில் உரிய நேரத்தில் கிடைக்காவிட்டால், அதே தகவலை மறுபடி அனுப்புவார். அது கோளாறில்லை, தகவல் தொலையாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. வாங்குகிற நாம்தான் பணப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துவைத்து, ஏற்கெனவே வந்ததா என்று பார்த்துவிட்டு மேலே போக வேண்டும். இன்னொன்று, அந்த வெப்ஹூக் முகவரி தெரிந்த எவரும் "பணம் வந்தது" என்று போலியாகத் தள்ள முடியும். கேட்வே கூடவே அனுப்புகிற டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும் படி அதற்காகத்தான். நான் அதை இரண்டாம் மாதம்தான் போட்டேன். அதற்குள் யாரும் விளையாடவில்லை, அதிர்ஷ்டம்.

பட்டியலில் இல்லாதவை

பட்டன் போன் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு எஸ்எம்எஸ் வேண்டும். எங்கள் எஸ்எம்எஸ் நிறுவனத்தின் பேர் எந்தத் தளத்தின் பட்டியலிலும் இல்லை. ஏபிஐ மட்டும் இருந்தது. இப்படிப்பட்டவற்றுக்கென்று எல்லாத் தளத்திலும் பொதுவான எச்டிடிபி கட்டம் ஒன்று உண்டு. முகவரி, சாவி (அந்த நிறுவனம் தரும் ரகசியக் குறியீடு), எண், வாசகம் நாலையும் நாமே நிரப்பினால் போகும். பயமுறுத்துகிற மாதிரி இருந்தாலும் எங்கள் ஏற்பாட்டில் இதுவரை ஒருநாளும் அறுந்து போகாதது இதுதான். நடுவில் வேறொருவர் கட்டிய எதுவும் இல்லை.

கஷ்டம் வேறு இடத்தில் வந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி நிறுவனம், அனுப்புநர் பேர், வாசகம் மூன்றையும் டிஎல்டி என்ற, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நடத்தும் பதிவுத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிந்த வாசகத்தில் மாறும் இடங்கள் தவிர ஒரு எழுத்து பிசகினாலும் மெசேஜ் போகாது. அண்ணன் "கன்று" என்பதை "செடி" என்று மாற்றச் சொன்னார், மாற்றினேன், அன்று ஒரு எஸ்எம்எஸ்ஸும் போகவில்லை. தளத்தில் பார்த்தால் எல்லாம் பச்சை டிக். தளத்தின் வேலை எஸ்எம்எஸ் நிறுவனத்திடம் ஒப்படைப்பதோடு முடிந்தது.

தமிழில் அனுப்பினால் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்து. ஆங்கிலத்துக்கு 160. அந்த 70-ம் நாம் எண்ணுகிற 70 இல்லை. "மாங்கன்று" என்பதில் நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் கால், புள்ளி, உகரக் குறி எல்லாம் தனித்தனியாக எண்ணி ஒன்பது. எங்கள் முதல் வாசகம் மூன்று எஸ்எம்எஸ்ஸாகப் போய்க்கொண்டிருந்தது. வெட்டி வெட்டி ஒன்றில் அடக்கினோம். இப்போது அது தந்தி மாதிரி இருக்கிறது.

டேலி நர்சரிக் கணினியில் இருக்கிறது. 9000 என்ற போர்ட்டில் எக்ஸ்எம்எல் வழியாகப் பேசும், அந்தக் கணினிக்கு உள்ளே. வெளியே இருக்கிற தளம் வந்து தட்ட அங்கே வாசல் இல்லை. வாசல் வைத்துத் தருகிற இணைப்பு மென்பொருள்கள் கிடைக்கின்றன. வேண்டாம் என்று முடிவு செய்தோம். கன்றுக்கு ஜிஎஸ்டி இல்லை, பில் எளிது, நாளுக்கு இருபது முப்பது பதிவு. டேலிபிரைம் 4.0 முதல் எக்செல்லை நேராக உள்ளே இழுக்கலாம். சாயந்திரம் ஆறரைக்கு ஷீட்டிலிருந்து ஒரு எக்செல், ஒரு இம்போர்ட். அக்காவுக்கு டீ ஆறுவதற்குள் முடிகிறது.

யார் பேரில் லாகின்

செப்டம்பரில் இரண்டு நாள் ஆர்டர் ஷீட்டில் விழுந்தது, எதுவும் நகரவில்லை. காரணம் நானே. தளத்தை அமைக்கும்போது அவசரத்துக்கு என் சொந்த கூகுள் கணக்கில் அனுமதி கொடுத்திருந்தேன். ஒரு நாள் என் கணக்கில் எந்தெந்தச் செயலிக்கு அனுமதி இருக்கிறது என்று சுத்தம் செய்தபோது, எதற்கென்று நினைவில்லாத ஒரு பேரை நீக்கினேன். அதுதான் நர்சரியின் இணைப்பு. இப்படி லாகின் செய்து அனுமதி கொடுக்கிற இணைப்பு அந்த ஆளோடு கட்டுப்பட்டது. அவர் விலக்கினால், சில வேளை பாஸ்வேர்டு மாற்றினாலும், அறுந்துவிடும். சாவியைக் கொடுத்து மாட்டுகிற எஸ்எம்எஸ் மாதிரியானவை அந்தச் சாவி இருக்கும் வரை ஓடும், ஆனால் சாவி யார் கையில் கிடைத்தாலும் ஓடும். இப்போது நர்சரிக்கென்று தனி ஜிமெயில், அதன் பாஸ்வேர்டு அண்ணனின் பீரோவில்.

இப்போதைய நிலை

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரச்சினையை அண்ணன் தானே தீர்த்தார். ஊத்தங்கரைக்காரருக்கு 100 கன்றும் கொடுத்தார். பாலக்கோட்டுக்காரருக்கு 20 கொடுத்து, மீதி 60-க்குப் பக்கத்து நர்சரியில் வாங்கித் தன் கையிலிருந்து வித்தியாசத்தைப் போட்டார். அதற்குப் பிறகு இருப்பு இரண்டு பேருக்குப் போனதில்லை. வெப்ஹூக் எப்போதாவது வராமல் போனால் பிடிக்க, பழைய எட்டிப்பார்க்கும் ட்ரிகரை நான் முழுதாகக் கழற்றவில்லை. ராத்திரி ஒன்பதுக்கு ஒரே ஒரு தடவை, நகராத வரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து அக்காவுக்குச் சொல்லும். அக்டோபரில் ஒரு தடவை சொன்னது.

இன்னும் கையால் நடப்பது லாரி ஆபீஸ் வேலை. கன்றுகளை ஏற்றியதும் கார்பன் தாளில் எழுதிய ரசீது ஒன்று தருவார்கள். அக்கா அதைப் போட்டோ எடுத்து, எண்ணைப் படித்து, வாங்கியவருக்கு அவரே அனுப்புகிறார். அந்த லாரி ஆபீஸ் எந்தத் தளத்தின் பட்டியலிலும் இல்லை. அங்கே இருப்பது ஒரு மேஜை, ஒரு ரசீது புத்தகம், மதியம் இரண்டு மணிக்கு மேல் எடுக்காத ஒரு லேண்ட்லைன்.